மரை சொன்ன ஊர்

சந்தையில் வாங்கிய பெயரில்லாத ஒரு பழைய கருவியை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். முறுக்கு அச்சு என்றார் அத்தை. எதிர்வீட்டுத் தாத்தா, "சோடா பாட்டிலுக்கு மூடி போடுற மிஷின்" என்று அடித்துச் சொன்னார். கல்லூரியில் படிக்கும் என் தம்பி, "அக்கா, பழைய பென்சில் சீவி. டேபிள்ல மாட்டிச் சுத்துறது" என்று சொல்லிவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். மூவர் சொன்னதிலும் ஒரு துண்டு சரிதான். அத்தை பார்த்தது எதையோ குழலுக்குள் தள்ளும் கைப்பிடியை. தாத்தா பார்த்தது எதன் வாயையோ மூடும் வேலையை. தம்பி பார்த்தது சுற்றுவதை. தள்ளு, சுற்று, மூடு. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலை எது என்று கேட்டால் முறுக்கும் சோடாவும் பென்சிலும் தாமாகவே விலகிவிடும்.

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை விரிக்கும் சந்தையில் வாங்கியது இது. பழைய பூட்டு, சாவி இல்லாத பெட்டி, பித்தளைக் குழாய், அறுந்த ஒயர் எல்லாம் கலந்து கிடந்த சாக்கின் மேல் கிடந்தது. "எடுத்துக்கக்கா, பிரெஞ்சு மிலிட்டரி சாமான்" என்றார் கடைக்காரர். அதே சாக்கில் கிடந்த ஒரு அலுமினிய டிபன் பாக்ஸையும் அவர் பிரெஞ்சு மிலிட்டரி என்றுதான் சொன்னார். அங்கே எல்லாமே ஒன்று பிரெஞ்சு மிலிட்டரி, இல்லாவிட்டால் ராஜா வீட்டுச் சாமான்.

ஒரு சாண் நீளம். வார்ப்பிரும்பு உடம்பு, கறுப்புப் பூச்சு பாதி உதிர்ந்தது. அடியில் மேசை விளிம்பைக் கவ்வும் கிளாம்பு, அதற்கு இறக்கை வைத்த திருகு. நடுவில் இரு முனையும் திறந்த ஒரு பித்தளைக் குழல். இடப்பக்கக் கைப்பிடியை அழுத்தினால் வட்டமான ஒரு தட்டு குழலை நோக்கி நகரும். அந்தத் தட்டின் முகத்தில் ஆழமில்லாத ஒரு குழிவு. வலப்பக்கம் மரக்குமிழ் வைத்த சுற்றுக்கை, அதன் உள்முனையில் ஒரு எஃகுக் கிண்ணம். கிண்ணத்துக்குள் விரலை விட்டால் சுழலாக ஓடும் ஒரு பள்ளமும் நடுவில் கூம்பாக ஒரு மொட்டும் தட்டுப்படும். எழுத்து ஒன்றுகூட இல்லை. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூச்சுக்கு அடியில் ஏதாவது அச்சு மேடு தெரிகிறதா என்று தடவிப் பார்த்தாயிற்று. பெயர்த் தகடு இருந்து கழன்றிருந்தால் ரிவெட் துளையாவது இருக்கும். அதுவும் இல்லை.

பழைய கைக்கருவிகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். பெயர் இல்லாமல் வந்து சேர்பவைதான் அதிகம். ஆகவே யார் செய்தது என்று முதலில் கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன். இது எதை, என்ன செய்தது? அந்தக் கேள்விக்குப் பொருளே பதில் சொல்லும்.

இங்கே பதில் கிண்ணத்துக்குள் இருந்தது. வேட்டைக்குப் பயன்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டா, பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால், மெழுகேற்றிய காகிதக் குழாயும் பித்தளை அடியுமாக இருந்தது. அடியில் அடிபட்டதும் பொறி தட்டும் கேப், அதன் மேல் வெடிமருந்து, அதன் மேல் தக்கை, அதன் மேல் ஈய ரவை, எல்லாவற்றுக்கும் மேலே ரவை கொட்டாமல் இருக்க ஒரு மெல்லிய அட்டை வில்லை. அந்த அட்டையைப் பிடித்து நிறுத்த, காகிதக் குழாயின் வாயை உள்பக்கமாகச் சுருட்டி மடிக்க வேண்டும். கையால் மடித்தால் நிற்காது. தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளி, சுழலும் கிண்ணத்தில் அதன் வாயை அழுத்தினால், உராய்வில் காகிதமும் மெழுகும் சூடேறி இளகி, பள்ளம் போகிற போக்கில் விளிம்பு உருண்டு உள்ளே மடங்கும். நடுவில் இருக்கும் மொட்டு வாயை மையத்தில் பிடித்துக்கொள்ளும். நம்முடையது அந்தக் கடைசி வேலைக்கான கருவி.

எனக்கு இது புத்தகப் படிப்பு. கையால் பார்த்தவர் ஒருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறார், என் சிநேகிதியின் பெரிய மாமனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. மேசையில் வைத்ததுமே யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவருடைய இடக்கை கைப்பிடிக்கும் வலக்கை சுற்றுக்கைக்கும் போனது. "செர்த்திசேர் இது. சின்னப் பையனா இருக்கச்சொல்ல, எங்கப்பா வேலை பார்த்த வீட்டுத் துரை தாழ்வாரத்துல உக்காந்து சாயங்காலம் பூரா இதத்தான் சுத்துவாரு. உள்ளான் சீசன்ல" என்றார். செர்த்திசேர் என்பது தோட்டா வாயை மடிக்கும் கருவிக்குப் பிரெஞ்சுப் பெயர். காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையன்கள் உதட்டில் வைத்து விசில் ஊதுவார்களாம். அதையும் வாயைக் குவித்துச் செய்து காட்டினார். மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் கொடுக்கவும் அமைதியாகிவிட்டார்.

உள்ளான் சீசன் என்று அவர் சொன்னது பொருத்தம்தான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் அந்தப் பறவைகள் ஈர வயல்களில் மண்ணைக் கிளறித் திரியும். புதுச்சேரியை அடுத்த ஊசுட்டேரியும் அதைச் சுற்றிய கழனிகளும் அப்போது துரைமார்களுக்குச் சுடும் இடம், இன்று பறவைகள் சரணாலயம். சின்னப் பறவை, கோணல்மாணலாகப் பறக்கும், ஒன்றை வீழ்த்தப் பல தோட்டாக்கள் வீணாகும். கப்பலில் வந்து சேரும் தோட்டா விலை அதிகம். போதாததற்கு நம் கடற்கரை ஈரத்தில் காகிதத் தோட்டா ஊதிப் பெருத்துவிடும், துப்பாக்கிக் குழலுக்குள் நுழையாது. சுட்ட தோட்டாக்களின் காலி ஓடுகளை எடுத்து மறுபடி நிரப்புவது இங்கே பொழுதுபோக்கு மட்டும் அல்ல, சிக்கனமும்கூட. இதே பகுதியில் நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கருவியே தேவைப்பட்டிருக்காது. அதில் மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியாகவே இட்டுக் கிட்டிப்பார்கள், தோட்டா என்ற பொருளே கிடையாது.

வேலை தெரிந்துவிட்டது. அடுத்தது அளவு.

துப்பாக்கிக் குழலின் அளவைப் போர் (bore) என்ற எண்ணால் சொல்வது பழைய வழக்கம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ அது 12 போர், ஏறத்தாழ 18.5 மி.மீ. பதினாறாகப் பிரித்தால் 16 போர், சுமார் 16.8. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். தோட்டா இதைவிடச் சற்றுப் பருமன்: பித்தளை அடியை ஒட்டிய உடல் 12 போருக்கு 20.6 மி.மீ. வாக்கில், 16 போருக்கு 18.9, 20 போருக்கு 17.7. நம் பித்தளைக் குழலின் உள்விட்டம் வெர்னியர் அளவியில் 19.1 மி.மீ. அதற்குள் 12 போர் தோட்டா நுழையாது. 20 போர் நுழைந்தால் ஆடும், வாய் கோணலாக மடங்கும். தள்ளும் தட்டின் குழிவு 20.9, 16 போர் தோட்டாவின் விளிம்பு 20.65 மி.மீ., கச்சிதமாக உட்காரும். இரண்டு அளவும் ஒரே எண்ணைச் சொல்கின்றன.

குழலின் சுவரில் பிளவு எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பாரிஸில் லெஃபொஷே என்ற துப்பாக்கித் தொழிலாளி 1830களில் கொண்டுவந்த ஊசித் தோட்டாவில், அடிப்பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை இந்தக் குழலுக்குள் நுழைக்க ஊசிக்கென்று ஒரு காடி வெட்டியிருக்க வேண்டும். காடி இல்லை. ஆக, கேப் நடு அடியில் இருக்கும் பிந்தைய வகைத் தோட்டாவுக்கு, அதாவது பிரான்சில் பொத்தே 1855இல் காப்புரிமை எடுத்த வழியில் வந்த வகைக்குச் செய்தது.

16 போர் என்றதும் கை பரபரக்கும். பிரான்சில் 16 போர் வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. இங்கிலாந்தில் 12தான் அரசன். புதுச்சேரியில் கிடைத்தது, 16 போர், ஆகவே பிரெஞ்சு என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் இங்கிலாந்திலும் 16 போர் செய்தார்கள், இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். கிடைத்த ஊரோ அதைவிட நொண்டிச் சாட்சி. காந்தி வீதிச் சாக்குக்குச் சென்னையிலிருந்து சரக்கு வரும், நெய்வேலியிலிருந்து வரும், ஆரோவில்லில் யாரோ வீடு காலி செய்ததும் வரும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 1954 வரை இரண்டு அரசாங்கங்களின் எல்லை இருந்தது உண்மைதான். அந்த எல்லையைத் தாண்டி என்னென்ன போய் வந்தன என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை விடிய விடியப் போகும். கடலூரில் இருந்த தென்னாற்காடு கலெக்டரின் மேசையிலிருந்து இது வடக்கே போயிருக்கலாம், புதுச்சேரி கவர்னர் மாளிகையிலிருந்து தெற்கே வந்திருக்கலாம்.

ஆகவே திருகுகள்.

கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளருக்கு, திருகின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் மரை என்றால் உயிர். கருவியைத் தந்ததும் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். கிளாம்புத் திருகின் மேல், மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்தார், கேஜ் அப்படியே பதிந்தது. "மூணு நூல் விட்வொர்த், மேடம். அங்குலத்துக்குப் பதினாறு மரை." மூணு நூல் என்றால் பட்டறை வழக்கில் 3/8 அங்குலம்; விட்வொர்த் என்பது இங்கிலாந்து மரை. அப்படியானால் இங்கிலீஷ் சாமானா என்றேன். அவர் பதில் சொல்லாமல் திருகைக் கழற்றி வெளிச்சத்தில் உருட்டினார். "அவசரப்படாதீங்க. இந்தத் திருகு பின்னாடி போட்டது. கடைசல் கோடு பாருங்க, பாலிஷ் பண்ணவே இல்ல. மத்ததெல்லாம் எவ்வளவு நைசா முடிச்சிருக்கான்!"

பிறகு ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்கோடியில், புது மரை எட்டாத இடத்தில், வேறு ஒரு மரையின் ஒன்றிரண்டு சுற்றுகள் மிச்சம் இருந்தன, இன்னும் நெருக்கமாக. முதலில் இருந்தது 8 மி.மீ. திருகு என்பது அவர் கணிப்பு. வார்ப்பிரும்பில் மரை சீக்கிரம் சிதையும். சிதைந்த 8 மி.மீ. ஓட்டை, மூணு நூல் விட்வொர்த் மரையை ஓட்டைக்குள் வெட்டும் டேப் இறக்குவதற்கு ஏறக்குறையச் சரியான அளவு. துளை போட வேண்டிய வேலைகூட மிச்சம். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பட்டறை எதிலும் இருந்த டேப் அதுதான். யாரோ ஒருவர் எங்கேயோ அரை மணியில் முடித்த ரிப்பேர்.

"அப்போ எந்தத் திருகை நம்புறது?" என்று கேட்டேன்.

"எதைக் கழட்ட யாருக்கும் அவசியம் வந்திருக்காதோ அதை."

கிண்ணத்தைச் சுற்றுக்கையின் தண்டோடு பிணைக்கும் சின்னத் திருகு அப்படிப்பட்டது. கிண்ணம் தேய்ந்தால் ஒழிய அதைத் தொட வேண்டியதே இல்லை. தலைக் காடியில் ஸ்குரூ டிரைவர் நழுவிய கீறல் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறப்போட்டு, காடிக்குத் தக்கபடி ஒரு பழைய டிரைவர் முனையைச் சாணை பிடித்து, பதமாகக் கழற்றினார். விட்டம் 6 மி.மீ.க்கு ஒரு நூலிழை குறைவு. பத்து மரைக்கு பத்து மி.மீ., பிட்ச் ஒன்று. விட்வொர்த் கால் அங்குலமாக இருந்தால் விட்டம் 6.35, பிட்ச் 1.27 இருக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தில்கூட இல்லை. மரையின் கோணத்தையும் பூதக்கண்ணாடியில் கேஜோடு ஒட்டிப் பார்த்தார். 60 பாகை.

இந்தக் கோணம்தான் எனக்கு முழு விஷயத்திலும் ருசியான இடம். விட்வொர்த் 1841இல் வகுத்த இங்கிலாந்து மரை 55 பாகை, கணக்கு அங்குலத்தில். அமெரிக்காவில் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்தது 60 பாகை, ஆனால் கணக்கு அங்குலம்தான். பிரான்சு 1894இல் தனக்கென்று மெட்ரிக் மரை வகுத்தது. 1898இல் ஜூரிச் மாநாடு அதை ஒட்டியே சர்வதேச மெட்ரிக் மரையை ஏற்றது: 60 பாகை, கணக்கு மில்லிமீட்டர். கோணம் ஒன்று, கணக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் பர்மிங்காமும் அமெரிக்கப் பட்டறைகளும் ஒரே மூச்சில் விலகிவிடுகின்றன. ஜெர்மானியப் பட்டறைகள் வெகுகாலம் விட்வொர்த் மரையையே வைத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கமும் வாய்ப்பு குறைவு. மிஞ்சுவது பிரான்சு, அடுத்து துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன லியேஜ் நகரம் உள்ள பெல்ஜியம். காலம், அநேகமாக 1890களின் நடுப்பகுதிக்குப் பிறகு.

மேல் எல்லையையும் சுமாராகக் கட்டலாம். கைக்குமிழ் மரம், பேக்கலைட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அட்டை வில்லையே இல்லாமல் தோட்டா வாயை நட்சத்திரமாக மடிக்கும் முறை பரவியது. 1960இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் தோட்டாவைக் கொண்டுவந்தது. நட்சத்திர மடிப்புக்கு இந்தக் கிண்ணம் உதவாது. சொல்தா தாத்தா சிறுவயதில் பார்த்த தாழ்வாரம் 1940களின் கடைசியில் இருக்கும். அதற்குள் இந்த மாதிரிக் கருவி கிழடுதட்டிவிட்டிருக்கும், ஆனால் ஓய்ந்துவிடவில்லை.

சரி, யார் செய்தது? ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்றவர்கள் இதே வேலைக்குச் செய்த கருவிகளில் பெயரைப் பொறித்துப் பெருமைப்பட்டவர்கள். பிரெஞ்சுப் பக்கம், 1885இல் தொடங்கிய செந்தெத்தியேன் நகரத்து ஆயுத, சைக்கிள் தொழிற்சாலை தடித்தடியான விலைப்பட்டியல்களை அச்சிட்டுத் தபாலில் துப்பாக்கியிலிருந்து தையல் மிஷின் வரை விற்றது. அந்தப் பட்டியல்களைப் புரட்டினால் தோட்டா வாய் மடிக்கும் கருவிகள் விதவிதமாக வருகின்றன. ஜாடையில் நம்முடையதும் அந்தக் குடும்பம்தான். ஆனால் ஜாடையை வைத்துப் பெயரைத் தூக்கி ஒட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். சின்னப் பட்டறைகள் வெற்றுக் கருவிகளைச் செய்து துப்பாக்கிக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதும், கடைக்காரர் விருப்பப்பட்டால் தன் பெயரைக் குத்திக்கொள்வதும் அந்தத் தொழிலில் சகஜம். பெயரே குத்தாமல் மலிவு விலையில் போனவையும் உண்டு. செய்தவர் விட்ட ஒரே குறி, கிண்ணத்தின் பின்முகத்திலும் தண்டின் முனையிலும் அரத்தால் இழுத்த இரண்டிரண்டு கோடுகள். இதற்கு இது ஜோடி என்று பொருத்துகிற ஆள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட அடையாளம். கையால் ராவிப் பொருத்திய காலத்துப் பொருள் என்பதற்கு அது போதும்.

இணையத்தில் இதே மாதிரிப் பெயரில்லாத கருவிகளுக்குப் பெரிய பெரிய பெயர்களைச் சூட்டி, விலையில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து விற்கிறார்கள். மரையைப் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

இனி, வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் நாட்டு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'அம்யூனிஷன்', அதாவது தோட்டா, வெடிமருந்து வகை, என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள் தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். கடலூர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் தோழியிடம் காட்டியபோது அவள் முதலில் திறந்தது அந்தப் பிரிவைத்தான். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவில், சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் எது சிறு பாகம் என்று சந்தையில் நின்றுகொண்டு நாமே தீர்ப்பு எழுதக் கூடாது என்றாள். அவள் சொன்னபடி எங்கே, எப்போது வாங்கியது என்பதைப் படத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் துப்பாக்கி இல்லை, தோட்டா இல்லை, மருந்து இல்லை. இந்த மாதிரிக் கருவியோடு பழைய தோட்டா ஏதாவது சேர்ந்து வந்தால், காலி ஓடு மாதிரித் தெரிந்தாலும் தொடாமல், குலுக்கிப் பார்க்காமல், காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது. நூறு வயதான கேப்புக்கும் கோபம் வரும்.

சுத்தம் செய்வது பற்றியும் கேட்பீர்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். கிண்ணத்தின் பள்ளத்தில் கறுத்து இறுகிய மெழுகு இன்னும் இருக்கிறது. ஊசிமுனையில் சுரண்டி எடுத்த துணுக்கில் காகித இழை ஒன்று சிவப்பாக ஒட்டியிருந்தது. கடைசியாக மடித்த தோட்டாக்களில் ஒன்று சிவப்புக் காகிதத்தில் வந்தது என்பதுவரை தெரிகிறது. பிரஷ் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

லேத் பட்டறைக்காரருக்கு மட்டும் ஒரு மனக்குறை. "அந்தக் கிளாம்பு ஓட்டைக்கு ஒரு புஷ் அடிச்சு, மெட்ரிக்லயே எட்டு மில்லி திருகு கடைஞ்சு போட்டுத் தரேன் மேடம். ஒரிஜினல் மாதிரியே இருக்கும்." வேண்டாம் என்றேன். அடுத்து இதைக் கழற்றிப் பார்க்கிறவருக்கு அது ஒரு பொய்ச்சாட்சி ஆகிவிடும்; தவிர, இந்த மூணு நூல் திருகு ஒன்றைத்தான் நம் பக்கத்துக் கை செய்தது என்று நான் துணிந்து சொல்ல முடியும். அவருக்கு அது ஒப்பவில்லை. கூலியும் வாங்கவில்லை. "அப்போ எண்ணெயாவது விட்டு வைங்க, துறைமுகக் காத்து இரும்பைத் தின்னுடும்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த படகுக்காரரின் கிராங்க் ஷாஃப்டை லேத்தில் ஏற்றப் போய்விட்டார்.